நடுவழியில் கார் நின்றால், கூட நாய் இருந்தால்

போன மே மாதம் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் என் கார் நின்றுவிட்டது. பகல் 1 மணி. பின்சீட்டில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டு கருப்பி, என் நாட்டு நாய்.

கதவைத் திறக்கும் முன் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டுங்கள். லாரி ஹாரன் அடித்தால் எவ்வளவு சாதுவான நாயும் பாய்ந்துவிடும். இடதுபக்கக் கதவு வழியாகத்தான் இறக்க வேண்டும். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், நிழலாகப் பார்த்து நில்லுங்கள். தாரில் புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நான் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நிற்க வைத்தேன்.

அப்புறம் போன். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033. மற்ற இடங்களில், இன்சூரன்ஸோடு சாலையோர உதவி எடுத்திருந்தால் அந்த எண். “கூட நாய் இருக்கிறது, 18 கிலோ, இழுவை வண்டியின் கேபினில் ஏற்றுவீர்களா?” என்று அப்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. வந்த ஓட்டுநர், “நாய் காருக்குள்ளயே இருக்கட்டும் சார்” என்றார். கூடவே கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறும். காரை மேலே கட்டி இழுத்துப் போகும்போது உள்ளே நாய் தவிப்பது யார் கண்ணிலும் படாது. கருப்பியை அவர் கையை மோந்து பார்க்க விட்டேன். அவருக்குப் பயம் தணிந்தது. விழுப்புரம் வரை என் காலடியில் படுத்து வந்தாள்.

ஓட்டுநர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வாடகைக் கார் பிடித்துப் பின்னால் போங்கள்.

2 லிட்டர் தண்ணீர், அகலக் கிண்ணம், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே பையில், டிக்கியில் இல்லாமல் இடது முன்சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.