டர்போ ஹேட்ச்பேக்கில் இழுவை குறைந்ததா? பெங்களூருவில் வீட்டிலேயே பூஸ்ட் கசிவைப் பிடிக்கும் முறை

போலோ டிஎஸ்ஐ, ஐ20 என் லைன், ஆல்ட்ரோஸ் ஐடர்போ, பலேனோ ஆர்எஸ் என எந்த வண்டியானாலும், இழுவை குறைந்ததும் பலர் முதலில் விசாரிப்பது ரீமேப்பைத்தான், அதாவது இன்ஜின் கணினியின் (இசியு) புரோகிராமை மாற்றுவதை. அந்த வரிசை தவறு. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று (பூஸ்ட்) போகும் குழாயில் கசிவு இருக்கும்போது ரீமேப் செய்தால், வெளியேறும் காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலும்; சூடு ஏறும், பேரிங் சீக்கிரம் தேயும். முதலில் கசிவு, அடுத்து ஸ்பார்க் பிளக், அதன் பிறகுதான் மாற்றம்.

வாங்க வேண்டியவை

ப்ளூடூத் ஓபிடி ரீடர் (வண்டியின் கணினித் தகவலை போனில் காட்டும் கருவி), 10 மிமீ சாக்கெட், பிளக் சாக்கெட், டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ரென்ச்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), மீட்டர் வைத்த கால் பம்ப், தெளிப்பான் பாட்டிலில் சோப்புத் தண்ணீர். இவற்றுடன் ஒரு பிவிசி எண்ட் கேப்பும் டியூப்லெஸ் டயர் வால்வும் வேண்டும். கருவிகள் எஸ்.ஜே.பி. ரோட்டில் கிடைக்கும்; கிளாம்ப், ஹோஸ் எல்லாம் ஜே.சி. ரோட்டில் பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டு வேலை செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

படி 1: பிழைக் கோடும் (code) அழுத்தமும்

ரீடரைச் செருகி, அது காட்டும் பிழைக் கோடுகளை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை. பி0234 என்றால் பூஸ்ட் மிகுதி. பி0300 வரிசை மிஸ்ஃபயரைக் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாததை) குறிக்கும். அது வந்தால் நேராகப் படி 3-க்குப் போகலாம்.

அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் அளப்பது) அளவைப் பாருங்கள். சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல் காட்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 91 பக்கம்தான் காட்டும். இதைச் சென்சார் கோளாறு என்று நினைத்துப் புதுசு வாங்கிவிடாதீர்கள். உண்மையான பூஸ்ட் வேண்டுமானால், ஓட்டும்போது காட்டும் அளவிலிருந்து இந்த 91-ஐக் கழியுங்கள்.

இந்த உயரம் இன்னொரு விதத்திலும் முக்கியம். குழாயில் 190 கிலோபாஸ்கல் எட்ட வேண்டுமென்றால், கடலோரத்தில் டர்போ காற்றை 1.9 மடங்கு அழுத்தினால் போதும், இங்கே 2.1 மடங்கு அழுத்த வேண்டும். சென்னையில் தெரியாத சின்னக் கசிவு இங்கே உடனே தெரிவதற்கு இதுவே காரணம்.

சூடான இன்ஜின், ஏசி ஆஃப், ஐடிலில் மேப் 30 முதல் 45 கிலோபாஸ்கல் வரை காட்டினால் நல்லது. நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைத் திருத்தும் அளவு) கூட்டியோ கழித்தோ 10 சதவீதத்தைத் தாண்டினால் காற்றோ பெட்ரோலோ கணக்கில் பிசகுகிறது.

படி 2: கசிவு சோதனை

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹோஸ்களைக் கையால் வளைத்து, அடிப்பக்கத்தையும் பாருங்கள். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) முன்பக்கம் இருக்கும் வண்டிகளில் கீழ் ஹோஸ்தான் முதலில் அடிபடும். நம்ம ஊர் ஹம்ப்புகள் அதை விட்டுவைக்காது. போலோ டிஎஸ்ஐயில் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருப்பதால் குழாய் குறைவு, சந்தேகப்பட வேண்டிய இடமும் குறைவு. குழாய்க்குள் மெல்லிய ஆயில் படலம் இயல்பு. இணைப்புக்கு வெளியே ஈரமாகத் தூசி ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான்.

கண்ணுக்குத் தெரியாததை அழுத்தம் கொடுத்துப் பிடிக்கலாம். எண்ட் கேப்பில் 11.5 மிமீ துளையிட்டு வால்வைப் பொருத்துங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, டர்போ வாயில் கேப்பை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்தக் குழாயில் சேரும் பிசிவி ஹோஸை (கிராங்க்கேஸ் ஆவி வரும் ஹோஸ்) அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கிராங்க்கேஸில் அழுத்தம் தேங்கினால் ஆயில் சீல் பிதுங்கிவிடும். 5 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள், 10-ஐத் தாண்டவே வேண்டாம். கேப் தெறிக்கலாம், அதன் நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும், டைவர்ட்டர் வால்விலும் (ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிகுதி பூஸ்ட்டைத் திருப்பிவிடுவது) சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சைலன்சர் வழியாகவும் ஆயில் மூடி வழியாகவும் கொஞ்சம் காற்று போவது சகஜம்; அதைத் துரத்த வேண்டாம்.

குழாய் திறந்திருக்கும்போதே டர்போ ஷாஃப்ட்டையும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னுமாக நகர்ந்தாலோ, இறக்கை சுவரை உரசியிருந்தாலோ டர்போ போய்விட்டது என்று பொருள்.

படி 3: பிளக்

டாப் கியரில் முழுக்க மிதித்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறதா? பெரும்பாலும் பிளக்தான். அழுத்தம் கூடிய காற்றில் பொறி தாண்டுவது கடினம், அதனால் பல டர்போ இன்ஜின்களில் பிளக் முனை இடைவெளி 0.7 மிமீ அளவிலேயே இருக்கும். தேய்மானத்தில் அது 1 மிமீயை நெருங்கினால் பொறி அணைந்துபோகும். உங்கள் வண்டிக்கான இடைவெளியையும் முறுக்கு அளவையும் மேனுவலில் பாருங்கள். இரிடியம் முனையை நெம்பாதீர்கள், உடையும். ஆறிய இன்ஜினில், பிளக் குழியை ஊதிச் சுத்தம் செய்த பிறகே கழற்றுங்கள். செக் இன்ஜின் விளக்கு மின்னினால் வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும்.

படி 4: இனி மாற்றங்கள்

பானட்டுக்குள் திறந்த கோன் ஃபில்டர் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில்க் போர்டு நெரிசலில் அது உறிஞ்சுவது ரேடியேட்டர் சூட்டைத்தான். ஒரிஜினல் ஏர் பாக்ஸில் சுத்தமான பேனல் ஃபில்டர் போதும். எண்ணெய் தடவும் வகை என்றால் எண்ணெயைக் குறைவாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வரும் காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்காகும். மாஃப் உள்ள வண்டியில் காற்றை வெளியே ஊதும் ப்ளோ ஆஃப் வால்வும் வேண்டாம். அளந்த காற்று வெளியே போவதால் கியர் மாற்றும்போதெல்லாம் பெட்ரோல் அதிகமாகும். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ஹோஸில் டீ (T வடிவ இணைப்பு) வைத்து பூஸ்ட்டை ஏற்றும் குறுக்குவழியைத் தொடவே தொடாதீர்கள். இசியுவுக்குத் தெரியாமல் ஏறும் அழுத்தம் நாக்கிங்கில் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பதில்) பிஸ்டனை உடைக்கும்.

ரீமேப் என்றால் கியர்பாக்ஸ் தாங்கும் அளவை முதலில் கேளுங்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐயின் 7 ஸ்பீட் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) உரியது. கம்பெனி தரும் டார்க் 175. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 மாற்றங்களுக்கு வரம்பு வைக்கிறது. வாரண்டியும் இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம், இறங்கும் முன் விசாரியுங்கள்.

எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் ஒரே மேட்டில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், இரண்டாம் கியரில் 2000 முதல் 4500 ஆர்பிஎம் வரை ரீடரில் ஒரு லாக் (பதிவு) எடுங்கள். மலிவான ரீடர் மெதுவானது, எனவே ஆர்பிஎம், மேப், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் இந்த நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். திரையைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். புது ரப்பர் ஹோஸ் சூடேறி அமர்ந்ததும் கிளாம்ப் தளரும். 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.