பீடிங், காரனிஸ், பேனல் போட்டா வீட்டு விலை ஏறுமா? விக்கிறதுக்கு முன்னாடி எதுல காசு போடலாம்

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு பழைய பிளாட்டை விக்கலாம்னு முடிவு பண்ணதும் சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போடு, டிவி பின்னாடி லூவர் பேனல் (கோடு கோடா பட்டை வச்ச பலகை) ஒட்டு, செவுத்துல மோல்டிங் (அலங்காரப் பட்டை) அடி, அஞ்சு லட்சம் கூட வச்சு கேக்கலாம்னு. கேக்கலாம்தான், வாங்குறவங்க குடுப்பாங்களா? என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். இந்த வேலையெல்லாம் வீட்டை சீக்கிரம் வித்துக் குடுக்கும், ஆனா போட்ட காசு அப்படியே விலையில திரும்பி வராது. அதனால அளவா, சரியான இடத்துல மட்டும் போடுங்க.

ஏன் திரும்பி வராதுன்னா, வாங்குறவங்கள்ல நிறைய பேர் லோன்ல வாங்குறாங்க. பேங்க் அனுப்புற வேல்யூயர் (மதிப்பீட்டாளர்) வந்து யுடிஎஸ், அதாவது நிலத்துல உங்க பிளாட்டுக்கு வர்ற பங்கு, எவ்ளோ, கட்டடத்துக்கு என்ன வயசு, அந்த ஏரியால ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்டுக்குப் போகுது, இதைத்தான் பார்ப்பார். வேல்யூயேஷன் ரிப்போர்ட் ஃபார்மட்ல இன்டீரியர் டெக்கரேஷனுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கு, தனி வீட்டுக்கான ஃபார்மட்ல பேனலிங், ஃபால்ஸ் சீலிங், ஏன் அலங்கார வாசக்கதவுக்குக்கூட கட்டம் இருக்கு, ஆனா அதுல பெருசா எதையும் எழுத மாட்டாங்க, எழுதினாலும் தேய்மானம் கழிச்சுதான் எழுதுவாங்க. ஆர்பிஐ விதிப்படி லோன் தொகை 30 லட்சம் வரைக்கும்னா வீட்டு மதிப்புல 90 சதவீதம், 75 லட்சம் வரைக்கும்னா 80, அதுக்கு மேல 75 சதவீதம்தான் குடுக்க முடியும். நீங்க பேனலுக்காக ஏத்துற தொகை அந்த மதிப்புல ஏறலைன்னா, அதை வாங்குறவங்க கைக்காசாதான் போடணும். பத்திரத்துல ஏத்திக் காட்டினா ஸ்டாம்ப் ட்யூட்டி 7, ரிஜிஸ்ட்ரேஷன் 2, மொத்தம் 9 சதவீதம் அதுக்கும் சேர்த்துக் கட்டணும். பேரம் பேசும்போது அவங்க முதல்ல கைவைக்கிற இடம் உங்க இன்டீரியர் காசா இருக்குறது இதனாலதான்.

சரி, அப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? ஓதம். பாத்ரூமுக்குப் பின்பக்க செவுரு, ஜன்னலுக்குக் கீழ, மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற சீலிங், இந்த மூணையும் கையால தொட்டுப் பாருங்க, பெயிண்ட் உப்பி இருந்தாலோ வெள்ளையா உப்பு பூத்திருந்தாலோ அதை சரி பண்ணாம மேல பேனல் போட்டு மூடவே கூடாது. மழைக்காலம் வந்தா பேனலுக்குப் பின்னாடி பூசணம் பிடிச்சு நாத்தம் வரும், மூடி மறைச்சு விக்கிறது வாங்குறவங்களுக்குப் பண்ற துரோகமும்கூட. ஒரு குடும்பம் இருபது வருஷம் இஎம்ஐ கட்டப் போற வீடு அது.

அடுத்தது வாசக்கதவு, வாசக்கால். என்னைக் கேட்டா அலங்கார வேலைல காசுக்குத் தகுந்த பலன் தர்றது இதுதான். நல்ல தேக்கு வாசக்காலா இருந்தா புதுசு வேணாம், பழைய பாலிஷை சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மறுபடி பாலிஷ் அடிச்சு, சந்துல இருக்குற பழைய பீடிங்கை (மெல்லிசான மரப் பட்டையை) மட்டும் மாத்துங்க. கதவுக்கு முன்னாடி நின்னு சாவி போடுற அந்த ஒரு நிமிஷத்துல வந்தவங்க கண்ணு அங்கதான் இருக்கும். தட்டிப் பார்த்து டொக்கு சத்தம் கேட்டா உள்ள கரையான் தின்னிருக்குன்னு அர்த்தம், அப்ப பாலிஷ் வேஸ்ட், மருந்து அடிச்சு அந்தத் துண்டையே மாத்தணும்.

ஸ்கர்ட்டிங், அதாவது செவுத்தோட அடியில தரையை ஒட்டி வர்ற பட்டை விஷயத்துல வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு எம்டிஎஃப்ல (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகைல) போடாதீங்க. நம்ம வீட்ல தினமும் தண்ணி ஊத்தித் துடைக்கிறோம், எம்டிஎஃப் அடிப்பக்கமா தண்ணியைக் குடிச்சு ரொட்டி மாதிரி ஊதிடும், பெயிண்ட் விரியும், அப்புறம் பார்க்கவே அசிங்கமா இருக்கும். 4 இஞ்ச் டைல் இல்லன்னா கிரானைட், அதான் நமக்கு. ஏற்கனவே இருக்குற ஸ்கர்ட்டிங்ல ரெண்டு மூணு பீஸ் உடைஞ்சிருந்தா அதை மட்டும் மாத்தி மேல் விளிம்புல கிரவுட் (டைல் சந்தை அடைக்கிற கலவை) புதுசா போட்டாலே தரை முழுக்க புதுசா தெரியும்.

சீலிங்குக்கு வருவோம். முழு ஃபால்ஸ் சீலிங்குக்கு முன்னாடி டேப் எடுத்து உயரம் அளங்க. நேஷனல் பில்டிங் கோட்ல ரூம் உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி இருக்கணும்னு இருக்கு, ஏசி ரூம்னா 2.4 மீட்டர். உங்க ரூம் ஒன்பதரை அடின்னா ஜிப்சம் போர்டும் ஃப்ரேமும் சேர்ந்து அரை அடி இறங்கிட்டாலே மீதி ஒண்ணும் இல்ல, ஃபேன் இறக்கைக்கு மேல ஒரு அடியாவது இடைவெளி வேணும்னா ஃபேன் இன்னும் கீழ வரணும், ரூம் குகை மாதிரி ஆயிடும். அந்த மாதிரி வீட்டுக்கு செவுரும் சீலிங்கும் சேர்ற இடத்துல சுத்தி ஒரு 3 இஞ்ச் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) காரனிஸ் பட்டை போதும், செலவும் கம்மி, விரிசலும் மறையும். சீலிங் போடுறதா இருந்தாலும் ஃபேன் ஹூக் கான்கிரீட் ஸ்லாப்லதான் இருக்கணும், போர்டுல மாட்டவே கூடாது.

கணக்கு போடுறது ஈசி. 12க்கு 18 ஹால்னா சுத்தளவு 60 அடி, காரனிஸ் வேலை ரன்னிங் ஃபீட் (நீள அடி) கணக்குல பேசுவாங்க, சேதாரத்துக்கு பத்து சதவீதம் சேர்த்தா 66. ஸ்கர்ட்டிங்னா இதுல கதவு அகலத்தைக் கழிச்சிடுங்க. மேஸ்திரி சொல்ற அடியும் நீங்க அளந்த அடியும் ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க, பெயிண்ட் யார் செலவுன்னும் அப்பவே பேசிடுங்க.

வேலை முடிஞ்சதும் மூலையைப் பாருங்க, தரம் தெரியிறது அங்கதான். நம்ம செவுரு மூலை எதுவும் சரியா 90 டிகிரி இருக்காது, ஆனா ஆளு பட்டையை 45, 45 டிகிரின்னு வெட்டி ஒட்டிட்டு நடுவுல வர்ற சந்தை பட்டி வச்சு அடைச்சிருப்பார், அன்னிக்கு நல்லாதான் இருக்கும், காய்ஞ்சு சுருங்கினதும் மயிரிழை மாதிரி கோடு விழும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சை செவுத்தோட ஒட்டி சாய்ச்சுப் பிடிங்க, மேடு பள்ளம், ஆணித் தலை, சந்து எல்லாம் நிழலோட தெரியும், அங்கங்க பென்சில்ல மார்க் பண்ணி ஃபைனல் பேமெண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி சரி பண்ண வைங்க.

லூவர் பேனல், கலர் கலரா எல்இடி பட்டை, சாமி ரூமைத் தவிர வேற இடத்துல ஜாலி (ஓட்டை ஓட்டையா வெட்டின) டிசைன், இதெல்லாம் விக்கிற வீட்டுக்கு வேணாம். உங்களுக்குப் பிடிச்சது அடுத்தவங்களுக்குப் பிடிக்கணும்னு இல்ல, கழட்ட ஆகுற செலவை நினைச்சு அவங்க விலையைக் குறைப்பாங்க. இன்னும் பத்து வருஷம் நீங்களே இருக்கப் போறீங்கன்னா கதையே வேற, விலையைப் பத்தி யோசிக்காம ஆசைப்பட்டதை போடுங்க, தினமும் பார்க்கப் போறது நீங்கதானே. வாடகைக்கு விடுறவங்க இதுல காசே போட வேணாம், வாட்ரோப், கிச்சன் கப்போர்டு, கொசுவலை கேட்டுதான் ஆளு வருவாங்க.

ஜிஎஸ்டி பில்லை கண்டிப்பா கேட்டு வாங்கி வைங்க. வீடு வாங்கி 24 மாசத்துக்கு மேல ஆகி விக்கும்போது நீண்டகால மூலதன ஆதாய வரி வரும், கட்டடத்தோட நிரந்தரமா சேர்ந்த மேம்பாட்டு வேலைக்கான செலவை அந்த லாபத்துலேர்ந்து கழிக்கலாம், சாதாரண பெயிண்ட், ரிப்பேர் செலவையும் கழட்டி எடுத்துட்டுப் போற சாமானையும் கழிக்க முடியாது. எது எதுல வரும்னு ஆடிட்டர்கிட்ட காட்டிக் கேளுங்க, வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த போட்டோ, பேங்க் வழியா பணம் அனுப்பின ரசீது ரெண்டையும் பில்லோட சேர்த்து ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.