எல்லாரும் ஜமீன்தார் இல்லை: ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு

ஊர் வரலாறு எழுதுகிறவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கிறேன். நிலமும் அதிகாரமும் இருந்த எல்லாருமே அவற்றில் 'ஜமீன்தார்' ஆகிவிடுகிறார்கள். அவர் கையில் இருந்தது என்ன உரிமை என்பது அதோடு மறைந்துபோகிறது.

முதலில் காலத்தைப் பாருங்கள். மதுரை நாயக்கர் காலம் தொட்டு 1801 வரை என்றால் பாளையக்காரர். படை வைத்திருப்பார், காவல் பார்ப்பார், மேலே இருப்பவருக்குக் கப்பம் கட்டுவார். கட்டபொம்மனை ஜமீன்தார் என்று எழுதவே கூடாது. 1802-இன் நிலவரித் திட்டத்துக்கு அப்புறம், கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கொடுத்த சன்னதை (உரிமைப் பத்திரத்தை) வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்ற நிலையான வரியைக் கட்டியவர்தான் ஜமீன்தார். படை போய், அரண்மனையும் பல்லக்கும் மிஞ்சின. சேலம் பக்கம் இப்படிச் சிறு ஜமீன் வைத்திருந்தவர் மிட்டாதார். தஞ்சைப் பக்கம் பெரும்பாலும் மிராசுதார். எத்தனை வேலி (பழைய நில அளவு) நிலம் இருந்தாலும் அரசுக்கு நேராக வரி கட்டியவர் அவர்.

சரி, உரிமைக்கு வருவோம். 'வரி வாங்கினார்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். களத்துமேட்டில் போய் நில்லுங்கள். நெல்லடித்துப் பொலி கூட்டியாயிற்று. மேலே உள்ளவர் பங்கு மேல்வாரம், உழுதவர் பங்கு குடிவாரம். காவல்காரர், தச்சர், கொல்லர், வண்ணார் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கு அந்தக் களத்திலேயே அளந்து கொடுத்ததற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். பழைய ஆவணத்தில் 'காவல் சுதந்திரம்' என்று கண்டால் விடுதலை என்று படித்துவிடாதீர்கள். வழக்கப்படி வரவேண்டிய பங்கு அது. பல ஊர்களுக்குச் சேர்த்துப் பாளையக்காரர் வாங்கிய காவல் வருமானம் தேசக்காவல்.

கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் எந்த வரிசையில் கட்டினார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஊரார் கண்ணெதிரே அதிகாரம் நின்ற இடம் அது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மழுப்பாதீர்கள். கூலியில்லாமல் வாங்கிய வேலைக்கு 'உதவி' என்று எழுதக் கூடாது; வெட்டி, ஊழியம் என்றே எழுதுங்கள். தஞ்சைப் பண்ணையாள் மிராசுதாரை 'ஆண்டே' என்றுதான் அழைத்தார். அதை 'ஐயா' என்று மாற்றினால் அவர் குனிந்து நின்றது பக்கத்திலிருந்தே அழிந்துபோகும்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. உங்கள் ஊர் ஜமீனை அரசு எடுத்துக்கொண்ட தேதியைத் தேடிப் பிடியுங்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றில் 'முன்னாள் ஜமீன்தார்' என்று எழுதுங்கள்.