ஜியு-ஜிட்சு பயிற்சியில் மனத்தைப் பழக்கும் முறை

எதிராளியைத் தரையில் மடக்கிப் பிடித்து அடக்கும் தற்காப்புக் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் வழியே மனத்தைச் செம்மைப்படுத்த விரும்புபவர் முதலில் பழக வேண்டியது, கழுத்துப்பிடியோ மூட்டுப்பூட்டோ இறுகும்போது எதிராளியின் உடலைத் தட்டித் தோல்வியைத் தயங்காமல் ஒப்புக்கொள்வதாகும். வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். குதிகாலை முறுக்கும் பூட்டில், வலி தெரியும் முன்பே முழங்கால் மூட்டு நார்கள் கிழியக்கூடும்.

எதிராளி பக்கவாட்டிலிருந்து மார்பின்மீது அழுத்திக் கிடக்கையில், பதறித் திமிறாமல், மூக்கின் வழியே மெல்ல மூச்சிழுத்து, அதைவிட நீளமாக வெளிவிட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, இடுப்பை நகர்த்தி, முழங்காலை நுழைக்கும் அளவுக்கு ஓர் இடைவெளியை உண்டாக்குங்கள். நெருக்கடியின் நடுவே அடுத்த ஒரு செயலை மட்டும் தேர்ந்தெடுக்கும் இப்பழக்கமே இக்கலையின் பெருங்கொடை என்று உறுதியாக நம்புகிறேன்.

கறுப்புப் பட்டையை எட்டப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் ஆகும் என்பதால், வெற்றிகளை எண்ணாமல், வகுப்புக்கு ஒரு நுட்பத்தைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். தீராத மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவச் சிகிச்சையைத் தொடர்ந்தபடியே பயிற்சி பெற வேண்டும்.