வேலை போகும் போலிருக்கிறதா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலை வேலை பார்ப்பவர்களுக்கு அறிகுறிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். அப்புறம் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குப் புதுப்பிப்பு வராது. கேண்டீனில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வேலை போவதைவிடப் பெரிய நட்டத்தைப் பலர் தாங்களாகவே தேடிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

அதில் முதலிடம் ரோஷத்துக்கு. "அவன் போகச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்" என்று ராஜினாமா கொடுத்துவிடுவது. மனசுக்கு ஒரு நாள் நன்றாக இருக்கும். ஆனால் ஆட்குறைப்பில் போகிறவருக்குக் கிடைப்பது ராஜினாமா செய்தவருக்குக் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளக்காரர்களுக்கு மலேசிய வேலைச் சட்டத்தின் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். 3,200 வெள்ளி சம்பளத்தில் எட்டு ஆண்டு உழைத்தவருக்கு 160 நாள் சம்பளம், ஏறக்குறைய 16,800 வெள்ளி. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். 4,000-க்கு மேல் வாங்குபவர்களுக்கு வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் பேசும். அதை இப்போதே எடுத்துப் படியுங்கள்.

இது போக, 2018 முதல் மாதாமாதம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்களே, அந்த வேலைக் காப்புறுதி. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். வேலை போனால் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் (சந்தா கணக்கிடும் சம்பளத்தில்) 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, அதற்கடுத்த இரண்டு மாதம் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது. வேலை போன 60 நாளுக்குள் பெர்கேசோவிடம் (சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம்) விண்ணப்பிக்க வேண்டும். வெட்கப்பட்டு மூன்று மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனால் கதவு மூடியிருக்கும். இது தானமில்லை, நம் சம்பளத்தில் பிடித்த காசு.

ராஜினாமா எப்போதும் நம் ரோஷத்தால் மட்டும் வருவதில்லை. எச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள், எதிரே ஏற்கெனவே டைப் அடித்த ஒரு தாள் இருக்கும். "சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன்" என்று ஒரு வரி, கீழே உங்கள் பெயர், தேதிக்கு இடம். "அண்ணே, ரெக்கார்டு சுத்தமா இருக்கும், அடுத்த வேலைக்கு நல்லது" என்று நம் தமிழ்ப் பிள்ளையே அன்பாகத்தான் சொல்லும். "வீட்டுல கொண்டுபோய்ப் படிச்சிட்டு நாளைக்குத் தர்றேம்மா" என்றால் போதும். அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கட்டாயப்படுத்தி வாங்கிவிட்டார்கள் என்றால், வேலை போன 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம். வி.எஸ்.எஸ். (இழப்பீடு தந்து ஆட்களைத் தாங்களாக விலகச் சொல்லும் கம்பெனித் திட்டம்) என்பது வேறு: பெயரில் 'தானாக' என்று இருந்தாலும், அதில் போகிறவர்கள் வேலைக் காப்புறுதி கேட்கலாம்.

அடுத்து, தாள்களை அலட்சியம் செய்வது. இப்போதெல்லாம் பேஸ்லிப் கம்பெனி போர்ட்டலில்தான் இருக்கிறது. பேட்ஜ் வேலை செய்யாமல் போகும் அதே நாளில் லாகினும் போய்விடும். கடைசி 12 மாதப் பேஸ்லிப், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், இவற்றைத் தவறாமல் சேமித்து வையுங்கள். இழப்பீடு கடைசி 12 மாதச் சராசரியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ பணம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கம்பெனியின் வரைபடம், வாடிக்கையாளர் பட்டியல் பக்கம் மட்டும் கை போக வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனால் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது.

பணத்தில் நம் ஆட்கள் செய்யும் பழைய தவறு, ஓவர்டைமைச் சம்பளமாக நினைத்துக் கார் எடுப்பது. எடுத்தாகிவிட்டது என்றால் வங்கியிடம் தவணை தவறுவதற்கு முன்பே பேசுங்கள். கடன் நிர்வாக அமைப்பான ஏ.கே.பி.கே.யில் கடன் ஆலோசனை இலவசம். ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரனிடம்) போய் நிற்பதைவிட அங்கே வரிசையில் நிற்பது எவ்வளவோ மேல். இ.பி.எஃப். மூன்றாம் கணக்கில், அதாவது 2024 மே மாதம் வந்த அந்த ஃப்ளெக்ஸிபல் கணக்கில், உள்ளதை இப்போதே துடைத்தெடுக்காதீர்கள். அது வேலை இல்லாத மாதத்துக்கான காசு.

மருத்துவ அட்டையைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. வேலையோடு அதுவும் போகும். சொந்தமாகக் காப்புறுதி எடுத்தால் பொதுவாக நோய்களுக்கு 30 நாளும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளும் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தனிச் சிக்கல். தள்ளிப்போட்ட பரிசோதனைகளை அட்டை இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வீட்டில் மறைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: மனைவிக்கு எப்படியும் கேண்டீன் செய்தி வந்துவிடும், நீங்களே சொல்லிவிடுங்கள்.

இழப்பீடு வந்தபின் வரி எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வேலை இழப்புக்கான இழப்பீட்டில், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 10,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. மேலே சொன்ன எட்டு ஆண்டுக்காரருக்கு 80,000 வரை. அவருடைய 16,800-இல் வரி பிடித்திருந்தால், ஏன் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டியதுதான்.