செயின்சாவின் ஃப்ளைவீலைச் சேதமின்றிக் கழற்றும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேலம் வெட்டுபவர்களும், சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோப்புகளில் பட்டுப்போன தென்னையைச் சாய்ப்பவர்களும் பயன்படுத்தும் செயின்சாக்களில், கிராங்க் தண்டின் (இயந்திரத்தின் சுழலும் தண்டின்) முனையில் காந்தமும் காற்று இறக்கைகளும் கொண்டு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான் வருகிறது. ஒன்று, அதற்குப் பின்னால் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, அதன் வழியே வெளிக்காற்று உள்ளே நுழைந்து, கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு இயந்திரம் போவது. மற்றொன்று, ஃப்ளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டான கீ அறுந்து, பொறி விழும் நேரம் தவறி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும்போது அது கையை வெடுக்கென்று பின்னால் இழுப்பது. இரண்டுமே அதிகச் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை. ஆனால் கழற்றும்போது இறக்கை உடைந்தாலோ, தண்டின் மரை நசுங்கினாலோ செலவு பல மடங்காகிவிடுகிறது.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது கீ அன்று. கூம்பாகக் கடைந்த தண்டும், அதே கூம்பாகக் கடைந்த துளையும் ஒன்றோடொன்று இறுகியிருக்கும் பிடிப்புதான். நட் அந்த இறுக்கத்தை உண்டாக்குகிறது. கீ இடத்தை மட்டும் காட்டுகிறது. ஆகவே நட்டை எடுத்தவுடன் சக்கரம் கையோடு வந்துவிடாது. அந்தக் கூம்புப் பிடிப்பை ஒரு நொடி தளரச் செய்வதே முழு வேலையும்.

இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு பெட்ரோலை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரை உருவி, பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டர் மூடியின் ஸ்க்ரூக்கள் பல மாடல்களில் டி-27 நட்சத்திரத் தலை கொண்டவை. சரியான பிட் இல்லாமல் ஆலன் கீயைத் திணித்தால் தலை வழுக்கிவிடும். மூடியை எடுத்ததும் இறக்கைகளுக்கு இடையே அடைந்திருக்கும் மரத்தூளையும் ஆயில் பிசினையும் தூரிகையால் துடைத்துவிடுவது நல்லது. சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும், பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றி, அதைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது முதலில் அடிபடுவது அதுதான்.

அடுத்தது கிராங்க் சுழலாமல் நிறுத்துவது. இறக்கைகளுக்கு நடுவே திருப்புளியைக் கொடுத்துச் சக்கரத்தைப் பிடிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். வார்ப்பு அலுமினிய இறக்கை அதைத் தாங்காது, உடைந்துவிடும். ஓர் இறக்கை போனாலும் சக்கரத்தின் சமநிலை கெட்டு, அதிர்வு பேரிங்கைத் தின்னத் தொடங்கும். அதற்குப் பதிலாக, பிஸ்டனைத் தடுத்து நிறுத்தப் பழைய ஸ்டார்ட்டர் கயிறு ஒரு துண்டு போதும். சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிளக் துளை வழியே பார்த்து, பிஸ்டன் மேலே வந்து புகை போகும் வாசலை முழுவதுமாக மூடியிருக்கும் நிலையில் மட்டுமே கயிற்றை மடித்து உள்ளே செலுத்த வேண்டும். பிஸ்டன் கீழே இருக்கும்போது செலுத்தினால், கயிறு அந்த வாசலுக்குள் புகுந்து பிஸ்டன் விளிம்புக்கும் அதற்கும் நடுவே சிக்கி நைந்துபோகும், ரிங்கும் பழுதாகலாம். கயிற்றின் ஒரு முனை கட்டாயம் வெளியே தொங்க வேண்டும். நட் கழலும் திசையில் சுழற்றும்போது பிஸ்டன் மேல்நோக்கி வந்து கயிற்றில் மெத்தென்று மோதி நிற்க வேண்டும். கீழே இறங்கினால், உச்சியின் (பிஸ்டன் எட்டும் மிக உயர்ந்த நிலையின்) தவறான பக்கத்தில் கயிற்றைக் கொடுத்திருக்கிறோம் என்று பொருள்.

ஃப்ளைவீல் நட் வழக்கமான வலது மரைதான், இடப்பக்கம் சுழற்றினால் கழலும். மறுபக்கத்தில் செயினை ஓட்டும் கிளட்ச்சுக்கு இடது மரை என்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டு நட்டை மேலும் இறுக்கி மரையை அறுப்பவர்கள் உண்டு. நன்றாகப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, ஒரே சீராக அழுத்திக் கழற்ற வேண்டும். நட்டை முழுவதுமாக எடுத்துவிடக் கூடாது. அதன் மேல்முகம் தண்டின் நுனியோடு சமமாகவோ, ஓர் இழை மேலாகவோ நிற்கும்படி விட்டுவைத்தால், பின்னால் சுத்தியால் தட்டும்போது விழும் அடியை நட் வாங்கிக்கொள்ளும், மரை தப்பிக்கும்.

சக்கரத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தால், அவற்றில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லரே மிகச் சிறந்தது. விளிம்பைக் கவ்வி இழுக்கும் மூன்று கால் புல்லர் இங்கு வேண்டவே வேண்டாம். துளைகள் இல்லையென்றால், சிலிண்டரிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு, மெத்தையாகச் சாக்கு விரித்த மேஜைக்கு மேல் ஓரிரு அங்குல உயரத்தில், ஃப்ளைவீலை மட்டும் பிடித்து இயந்திரத்தைத் தூக்க ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் எடையே கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்க, பித்தளைத் துண்டு ஒன்றை நட்டின் மேல் நேராக வைத்துச் சுத்தியால் சுருக்கென்று ஒரு தட்டு தட்டினால், 'டக்' என்ற ஒலியோடு பிடிப்பு விடும். விடவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. ஓங்கி அடித்தால் அது கோணிக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் சக்கரத்தின் நடுப்பகுதியை ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடாக்கலாம். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரிவதால் அடுத்த தட்டில் வந்துவிடும். நெருப்பு மட்டும் கூடவே கூடாது: பெட்ரோல் ஆவியும் இருக்கிறது, கடும் சூட்டில் காந்தமும் வலுவிழக்கும். திருப்புளியால் நெம்புவதையும் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் அதன் முனை ஊன்றும் மக்னீசிய உடல் எளிதில் விரிசல் விடும்.

கழற்றிய சக்கரத்தைப் பட்டறை மேஜையில் அப்படியே வைக்கக் கூடாது. கிரைண்டர் ஓடும் இடமென்றால் கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் காந்தத்தில் மீசைபோல் ஒட்டிக்கொண்டு, பிறகு காயிலை உரசும். காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, மாட்டும் முன் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்தால் தூள் அதோடு வந்துவிடும். கீயை விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நடுவில் சிறு படி தட்டுப்பட்டாலும் அது பாதி அறுந்தது, மாற்றியே ஆக வேண்டும். சில மாடல்களில் தனிக் கீ இல்லாமல், சக்கரத்தோடு சேர்த்து வார்த்த சிறு முனையே அந்த வேலையைச் செய்கிறது. அது போயிருந்தால் சக்கரத்தையே மாற்றுவதுதான் வழி.

திரும்ப மாட்டும்போது தண்டின் கூம்பையும் துளையையும் ஆயில் பசை துளியும் இல்லாமல் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே பொருத்த வேண்டும். கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாக வரும் என்று நினைப்பது பெருந்தவறு; பிடிப்பு நழுவி, புதுக் கீயும் அறுந்துவிடும். கயிற்றை இம்முறை உச்சியின் மறுபக்கத்தில் கொடுத்து, அந்த மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் நட்டை இறுக்க வேண்டும். பின்னர் காந்தத்தைக் காயிலுக்கு நேரே கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜையோ சாதாரண விசிட்டிங் கார்டையோ வைத்து, காந்தம் காயிலைத் தானே இழுத்துக்கொள்ள விட்டு ஸ்க்ரூக்களை முடுக்கினால், பல மாடல்களுக்கு வேண்டிய 0.3 மில்லிமீட்டர் அளவிலான இடைவெளி கிடைத்துவிடும். கார்டையும் கயிற்றையும் எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே சக்கரத்தை மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றிக் காதைக் கொடுங்கள். சிறு உரசல் கேட்டாலும் ஸ்டார்ட்டர் மூடியைப் போடாமல் இடைவெளியை மறுபடியும் வையுங்கள்.