படிப்புக்கும் கேமுக்கும் ஒரே மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் காதில் விழுவது ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை திரையில் படம் மாறும்) கணக்குதான்: 144, 165, 180. பிள்ளைகளும் அதையேதான் கேட்பார்கள். ஆனால் பரீட்சை, அசைன்மென்ட், ஆன்லைன் வகுப்பு என்று வருஷம் முழுக்க அந்தத் திரையில் நடக்கப்போவது வாசிப்பு. எழுத்துத் தெளிவை முதலில் உறுதி செய்துகொண்டு, அப்புறம் வேகத்துக்குப் போங்கள்.

24 அங்குலம் என்று விற்பதில் பெரும்பாலானவை உண்மையில் 23.8. திரையின் அகலம் சுமார் 53 செ.மீ., உயரம் 30 செ.மீ. ஒரு ஏ4 தாள் 21க்கு 29.7 செ.மீ. பாடநூல் பிடிஎஃப் ஒரு பக்கம், எழுதும் பக்கம் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே திறந்து வைக்கலாம். இந்த அளவில் 1920×1080 பிக்சல் (திரையின் சின்னஞ்சிறு புள்ளிகள்) என்றால் அங்குலத்துக்கு 92 கிடைக்கும். அதே 1080-ஐ 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆகிவிடும். சின்ன எழுத்தில் ண, ன சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். 27தான் வேண்டும் என்றால் 2560×1440 எடுங்கள். அதில் 109 பிக்சல், எழுத்து அருமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், அதை வரையும் கிராபிக்ஸ் கார்டு 20.7 லட்சம் பிக்சலுக்குப் பதில் 36.9 லட்சம் வரைய வேண்டும். சாதாரண கார்டு அங்கே திணறும். மேஜையின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள்: ஸ்டாண்டே 20 செ.மீ. வரை எடுத்துக்கொள்ளும். ஆழம் 60 செ.மீ.க்குள் என்றால் 24 போதும்.

திரைக்குள் இருக்கும் பேனலில் ஐபிஎஸ், விஏ, டிஎன் என்று வகைகள் உண்டு. அதிகம் யோசிக்க வேண்டாம், ஐபிஎஸ் எடுங்கள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் விலை குறைந்த விஏ-வில் இருட்டுக் காட்சி நகரும்போது பின்னால் கறை இழுபடும். டிஎன் பேனலில் கொஞ்சம் தாழ உட்கார்ந்தாலே நிறம் மாறும். வளைந்த திரையும் படிப்புக்குத் தேவையில்லை. பொறியியல் வரைபடத்தில் நேர்கோடு வளைந்து தெரியும்.

இனி ஹெர்ட்ஸ். 60-இல் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 100-இல் 10, 144-இல் 6.9, 180-இல் 5.6. அதாவது 60-இலிருந்து 100-க்குப் போனால் 6.7 மில்லிசெகண்ட் லாபம். 144-இலிருந்து 180-க்குப் போனால் சுமார் 1.4 மட்டுமே. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு 100 ஹெர்ட்ஸ் தாராளம். பக்கத்தை உருட்டிப் படிக்கும்போதே அந்த வித்தியாசம் தெரியும். கார்டு இருந்து, வேலரன்ட் மாதிரி சுடும் கேம்கள் ஆடுவதென்றால் 144-க்குக் குறையாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு அனுப்பும் என்று பாருங்கள். திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பின் பழைய 1.4 பதிப்பு மட்டும் உள்ள லேப்டாப் 1080-இல் பொதுவாக 120 ஹெர்ட்ஸுக்கு மேல் தராது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலுக்கும் எல்லை 120தான். அவற்றுக்கு 180 வாங்கினால் மிச்சம் வீண். டெஸ்க்டாப்புக்கு டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பும் உள்ளதாக எடுங்கள். பெட்டியில் அந்தக் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள், பலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான் வரும்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்த “1 எம்எஸ்”-ஐ (திரை 1 மில்லிசெகண்டில் மாறும் என்ற விளம்பரம்) நம்பி முடிவெடுக்காதீர்கள். பல மாடல்களில் அது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்த கணக்கு. அந்த முறையை ஆன் செய்தால் திரை மங்கும், சிலருக்குக் கண் வலிக்கும். மெனுவில் ஓவர்டிரைவ் (பிக்சல் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் வசதி) இருந்தால் நடுநிலையில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்தின் விளிம்பில் வெளிறிய நிழல் ஒன்று கூடவே வரும்.

உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டுதான் மலிவு மாடல்களின் பெரிய குறை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் கழுத்து குனிந்தே இருக்கும். பின்புறம் 100×100 மி.மீ. வெசா துளைகள் (தாங்கி மாட்டும் பொது அளவுத் துளைகள்) இருந்தால் பின்னாளில் திரையை உயர்த்தித் தாழ்த்தும் ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம்.

கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஓட்டச் சொல்லுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்து, மாறாமல் நிற்கும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல நிறுவனங்கள் மாற்றித் தராது; அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். சர்வீஸுக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்றும் கேளுங்கள். பெட்டியைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தியே கொண்டு வாருங்கள். டூவீலரில் வேண்டாம், ஆட்டோ வையுங்கள்.

கார்டு உள்ள கம்ப்யூட்டரை வீட்டில் மாட்டும்போது அதிகம் நடக்கும் தவறு, கேபிளை மதர்போர்டின் (உள்ளிருக்கும் முதன்மைப் பலகை) துளையில் செருகுவது. கார்டு சும்மா இருக்கும், கேம் தடுமாறும். கேபிள் கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளைக்குத்தான் போக வேண்டும். அடுத்து, விண்டோஸ் பல நேரம் 60-லேயே நின்றுவிடும்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் மாற்றுங்கள். எச்டிஎம்ஐ-இல் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கார்டின் செட்டிங்கில் ஆர்ஜிபி ஃபுல் என்று வையுங்கள்.

ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேஜையைப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் சென்னை வெயில் திரையில் அடித்து எதுவும் தெரியாது. துடைக்கும்போது தண்ணீரைத் திரையில் நேராகத் தெளிக்க வேண்டாம். வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் பேனல் போய்விடும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்தால் போதும்.

24 அங்குல மானிட்டர் 20-25 வாட் அளவுக்குத்தான் இழுக்கும், அதையும் யுபிஎஸ்-இன் பேட்டரிப் பிளக்கிலேயே செருகுங்கள். ஆனால் இங்கே கிடைக்கும் 600 விஏ (இது வோல்ட்-ஆம்பியர், பேனல் வகை அல்ல) யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கார்டு முழு வேகத்தில் ஓடும் கேமிங் டெஸ்க்டாப் அதைத் தாண்டினால், கரன்ட் போன நொடியே யுபிஎஸ்-உம் அணைந்துவிடும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு 1000 விஏ-வுக்கு மேல் பாருங்கள்.